கிடங்குக்குள் ஒரு குளிர்காலம்

கதவு படார் என்று சாத்தியிருந்தால்கூட லிஃப்ட் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். ரப்பர் விளிம்பு வைத்த தடிமனான கதவு அது. பூனை போல வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. அடுத்த நொடி வெளியே ஒரு வண்டி உறுமியது. கனமான எதையோ தள்ளிக்கொண்டு வந்து கதவோடு அணைத்து வைத்துவிட்டு நின்றது.

"அண்ணி, நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"பூட்டல. முட்டுக் கொடுத்திருக்காங்க," என்றாள் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

லிஃப்ட் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்ததில் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ பேரை இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து மீட்டிருக்கிறான். ஆனால் தானே ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொள்வது என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். தொழிலை விட்டதற்குக் காரணமே அதுதான். வெளியே கேட்டால் முட்டிவலி என்பான்.

அவன் அண்ணனின் மனைவிதான் இந்த அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடுபவளாக இருந்தவள். தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுத எத்தனையோ முதலாளிகளைச் சாம்பலைக் கிளறியே பிடித்தவள். ரிட்டையர் ஆனதும் எல்லோரும் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவள் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். கொழுந்தன் வாய்ச்சவடாலை மூலதனமாகப் போட்டுச் சேர்ந்துகொண்டான்.

கதவின் உட்பக்கம் அவசரத்துக்கு ஒரு பச்சைக் குமிழ் இருந்தது. லிஃப்ட் இரண்டு கையாலும் அழுத்தினான். தாழ் விலகியது, கதவு விலகவில்லை. தோளால் முட்டினான். மலையை முட்டிய மாதிரி இருந்தது. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கத் தகடு, அதற்குள் தெர்மாகோல். மேலே மின்விசிறிகள் இரைந்தன. கூரை வரை உருளைக்கிழங்கு மூட்டைகள். அவன் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

"நாலு டிகிரி," என்றான் சுவர்க் கடிகாரம் போலிருந்த மீட்டரைப் பார்த்து. "சாக மாட்டோம் அண்ணி. ஆனா நம்மள எடுத்து வித்துடுவாங்க."

"வாயை மூடிக்கிட்டு இங்க வா. நாம தேடி வந்தது இருக்கு."

அவர்கள் தேடி வந்தது ஒரு பூ.

நான்கு நாட்களுக்கு முன் டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். மனைவியைக் காணவில்லை, மூன்று வாரம் ஆகிறது, மனநிலை சரியில்லாதவள், மாத்திரை நாள் தவறினால் என்ன செய்வாளோ தெரியாது, போலீசுக்குப் போனால் மானம் போய்விடும், எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றார். போட்டோ கேட்டால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டாள் என்றார். கடைசியில் ஈரப் பஞ்சில் சுற்றிய ஒரு சின்னப் பூங்கொத்தை எடுத்து வைத்தார். அவள் பால்கனியில் வளர்த்த செடியாம். நீல நூலால் கட்டியிருந்தது. "இந்த இரட்டைச் சுருக்கு முடிச்சு அவ மட்டும்தான் போடுவா மேடம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

அண்ணி அன்று பூவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வெளிர் ஊதாப் பூ. நான்கு இதழ், சிலுவை மாதிரி. அலங்காரத்துக்கு வைக்கிற இன்னொரு பூ இதே நிறத்தில் இருக்கும், ஆனால் அதற்கு ஐந்து இதழ். இதழைப் பிரித்தால் நடுவில் ஆறு மகரந்தக் காம்பு, நான்கு நெட்டை, இரண்டு குட்டை. "கடுகுக் குடும்பம்," என்றாள். "தாளிக்கிறோமே, அதுக்கு ஒண்ணுவிட்ட அக்கா. குளிர் நாட்டுல வேலி ஓரமா தானா முளைக்கும். சாயங்காலம் ஆனா வாசனை வரும்."

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னாள். அந்தச் செடி குளிர்காலத்தைப் பார்க்காமல் பூக்காது. வருடம் முழுக்க வேர்க்கிற இந்த ஊரில் குளிர்காலம் எங்கே இருக்கிறது?

"ஏசி ரூம்ல," என்றான் லிஃப்ட்.

"பத்தாது. வாரக்கணக்குல குளிரணும்."

பால்கனிச் செடியே ஆனாலும் குளிர் காட்ட எங்காவது கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும், அந்த இடத்தில் அவளைத் தெரிந்திருக்கும். ஆகவே குளிர்கிடங்குகள். ஐஸ்கிரீம் கிடங்கில் செடி விறைத்துச் செத்துவிடும். மீன் கிடங்கும் அப்படியே. ஆப்பிள் கிடங்கில் ஆப்பிள் விடுகிற வாயுவுக்குப் பூ உதிர்ந்துபோகும். மிச்சம் இருந்தது ஊருக்கு வெளியே இந்த உருளைக்கிழங்குக் கிடங்கு. வாசலில் வாட்ச்மேன், தான் போன வாரம்தான் வேலைக்கு வந்ததாகவும், பூச்செடி ஏதோ மூன்றாம் அறையில் இருப்பதாகவும் சொன்னான். அவர்கள் உள்ளே வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மூட்டைகளுக்குப் பின்னால், மூலையில், ஒரு இரும்பு அலமாரி. அடியில் சக்கரம். தேவைப்பட்டால் வெயிலுக்கு உருட்டிக்கொண்டு போக வசதி. கீழ்த் தட்டில் விரல்நுனி அளவு நாற்றுகள். நடுத் தட்டில் தரையோடு தரையாக இலை விரித்துப் படுத்திருந்த செடிகள். மேல் தட்டில் இடுப்பளவு தண்டுகள், உச்சியில் அதே ஊதாப் பூ. ஒவ்வொரு தண்டும் ஒரு குச்சியோடு நீல நூலால் கட்டப்பட்டிருந்தது.

அண்ணி லென்ஸை எடுத்தாள். பூவைப் பார்ப்பாள் என்று அவன் நினைத்தான். அவள் குனிந்து செடியின் அடியைப் பார்த்தாள். பிறகு அது நட்டிருந்த மரப்பெட்டியின் அடியைத் தடவினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி? உடம்புக்கு முடியலயா?"

"நாம ஏமாந்துட்டோம் தம்பி."

"கதவைச் சாத்தினப்பவே தெரிஞ்சுது."

"அது இல்ல. இந்தச் செடி முதல் வருஷம் இலை மட்டும்தான் விடும். நடுத் தட்டுல படுத்திருக்கு பார், அப்படி. குளிர் காட்டி எடுத்தா அடுத்த வருஷம்தான் தண்டு நீளும், பூக்கும். இதோட அடியில போன வருஷத்து இலைக்காம்பு வட்டமா காஞ்சு ஒட்டியிருக்கு. வேர் பெட்டியைத் தாண்டி வெளிய வந்து அலமாரிச் சட்டத்துல பின்னிக்கிடக்கு. வேற எங்கயோ வளத்து நேத்து தூக்கிட்டு வந்து வச்சதில்ல. விதை போட்டதுலேர்ந்து இந்தக் கிடங்குலயேதான் இருக்கு. ஒன்றரை வருஷத்துக்குக் குறையாது."

"சரி, யாரோ வளத்திருக்காங்க. நம்ம ஆள் மூணு வாரம் முன்னாடி வந்து சேர்ந்திருப்பாங்க."

"முடிச்சைப் பாரு."

லிஃப்ட் பார்த்தான். எல்லாக் குச்சியிலும் இரட்டைச் சுருக்கு. சில நூல்கள் வெளுத்துப்போயிருந்தன. தண்டு பருத்து நூலை விழுங்கியிருந்தது. அண்ணி கைப்பையிலிருந்து கடைக்காரர் கொடுத்த நூலை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். அதே நூல். பக்கத்து மூட்டையின் வாயைத் தைத்திருந்ததும் அதே நூல்தான்.

"பால்கனியில பறிச்ச பூவுல மூட்டை தைக்கிற நூல் எப்படி வந்துச்சு?" என்றாள் அண்ணி. "பால்கனியும் இல்ல, மூணு வாரமும் இல்ல. அந்தப் பொண்ணு அந்தாளை விட்டுப் போய்க் குறைஞ்சது ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். இந்தக் கொத்து எப்படியோ அவர் கையில கிடைச்சிருக்கு. அவ இந்த ஊர்லதான் இருக்கான்னு தெரிஞ்சுது, எங்கன்னு தெரியல. அதான் நம்மகிட்ட வந்து அழுதாரு. புத்தி சரியில்லாதவளா இத்தனை நாள் குளிரும் வெயிலும் கணக்குப் பார்த்துச் செடி வளப்பா? ஓடி ஒளிஞ்ச ஒருத்தியை மோப்பம் பிடிக்கிறதுக்கு நம்மள நாயா விட்டிருக்காரு. நல்லவேளை, இடம் எதுன்னு இன்னும் அவருக்குச் சொல்லல."

லிஃப்ட் செல்போனை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினான். அண்ணி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க வாட்ச்மேன்கிட்ட பேசிட்டு இருந்தீங்கள்ல அண்ணி… மனுஷன் பாவம் சோறு தண்ணி இல்லாம இருப்பாரேன்னு… ஒரு நல்ல சேதி சொல்லலாமேன்னு…"

"போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். கிளம்பி வந்துட்டே இருக்கேன்னாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அண்ணி திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. லென்ஸை மடக்கிக் கைப்பைக்குள் போட்டாள், அவ்வளவுதான்.

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அவர்தானே அனுப்பினாரு?"

லிஃப்ட் கதவை நோக்கி ஓடினான். பழக்கதோஷம், காதை விளிம்பில் வைத்தான். அந்தப் பக்கம் யாரோ வேக வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மூச்சு அவனுக்குத் தெரியும். மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து இதைத்தான் இருபது வருடம் கேட்டிருக்கிறான். உண்மையில் மாட்டியிருப்பது உள்ளே நிற்கிற அவன் இல்லை, வெளியே நிற்கிறவள்தான் என்று அவனுக்கு உறைத்தது.

"மூச்சு விட முடியுதாம்மா?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் மூச்சு சட்டென்று இடறியது. எதிர்பார்க்காத கேள்வி போல.

"மெதுவா விடுங்க. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டோம். போகணும்னாலும் நீங்க எங்க விட்டீங்க?"

"கேட்ல பூவைக் காட்டி விசாரிச்சீங்களே, ஃபோர்க்லிஃப்ட்லேர்ந்து பார்த்தேன். என் முடிச்சு அது. சூப்பர்வைசர் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு ஒரு கொத்து கட்டிக் கொடுத்தனுப்பினேன். அது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"அந்த ஆஸ்பத்திரியில தரை வேலை ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டாள் அண்ணி, கதவருகே வந்து.

"வார்டுக்குப் புது டைல்ஸ் போட்டாங்கன்னு சொன்னாரு," என்றது குரல், பாதியாகக் குறைந்து. "டிஸ்சார்ஜ் ஆனப்போ ஜன்னல்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னாரு."

"அம்மா, கேளு. அவர் எங்ககிட்ட நீ போய் மூணு வாரம்னாரு. உனக்குப் புத்தி சரியில்லன்னாரு. நாங்க நம்பினோம், தப்பு எங்க பேர்ல. இப்ப உள்ள உன் செடியைப் பார்த்தேன். அவர் சொன்னதைவிட இது சொல்றதைத்தான் நம்புறேன். ஆனா ஒரு விஷயம். என் கொழுந்தன் அவருக்கு இடத்தைச் சொல்லிட்டான். அவர் வந்துட்டு இருக்காரு. எங்களைத் திறந்துவிட்டாலும் சரி, விடாட்டாலும் சரி, நீ முதல்ல உன்னைப் பாரு."

வெளியே காலடிச் சத்தம். வண்டி உறுமியது. பிறகு அந்த உறுமல் தூரம் தூரமாகப் போய்த் தேய்ந்தது.

"ஓடிட்டாங்க," என்றான் லிஃப்ட். வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. "நல்லதுதான். நம்ம விதி, கிழங்கோட கிழங்கா முளை விடவேண்டியதுதான்."

அண்ணி சால்வையை அவிழ்த்து அவன் தோளில் பாதியைப் போட்டாள். இருவரும் மூட்டைமேல் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவனுக்குப் பல் கிட்டியது. சுவர்கள் நான்கும் ஒவ்வொரு அங்குலமாகக் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. இத்தனைக்கும் காரணம் என் வாய்தானே என்கிற நினைப்பு குளிரைவிட மோசமாக இருந்தது. அதை அண்ணியிடம் சொன்னான். "உன் வாய் இல்ல, உன் இரக்கம். அதை அந்தாள் மோப்பம் பிடிச்சிட்டான்," என்றாள் அவள்.

மறுபடி உறுமல். கதவின் பக்கத்தில் ஏதோ உரசி விலகியது. கதவு திறந்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும். கிடங்குக்காரர்கள் போடும் பஞ்சு வைத்த கோட்டு, கையுறை. தோளில் அவசரமாகத் திணித்த பை ஒன்று. கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏம்மா திரும்பி வந்த?" என்றாள் அண்ணி.

"மூணு ஊர் மாறிட்டேன். எல்லா ஊர்லயும் இதை விதைச்சேன். எல்லா ஊர்லயும் இலை விட்டிருக்கும்போதே அவர் வந்துட்டாரு, விட்டுட்டு ஓடினேன்." அவள் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். "இது பூத்து நான் பார்த்ததே இந்த ஊர்லதான். பஸ் ஸ்டாப்புக்குப் போகணும்னு வண்டியைத் திருப்பினேன். முடியல. எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே ஓட முடியாது."

லிஃப்டுக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் அவன் முயலவில்லை.

கேட்டில் ஹாரன் அடித்தது. ஒருமுறை, நீளமாக. அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை இருவரும் பார்த்தார்கள். கிடங்குக்கு வழி ஒன்றுதான். ஜன்னல் ஒன்றுகூட இல்லாத நீளமான நடை, ஒரு கோடியில் கேட், மறு கோடியில் இவர்கள் மூவரும்.

"அம்மா, மரத்தட்டுல அடுக்கின அந்த மூட்டை அட்டியை இன்னொரு தரம் இதே கதவுல கொண்டுவந்து வைக்க முடியுமா?" என்று கேட்டாள் அண்ணி.

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"அப்ப வண்டியில ஏறி அந்தத் தூணுக்குப் பின்னால போய் நில்லு. இன்ஜினை அணைக்காதே. நானும் அங்கேயே நின்னு போலீசுக்குப் பேசறேன், இங்க நடையில சிக்னல் இருக்கு. தம்பி, இவ்வளவு நேரம் தப்பா பேசின அந்த வாய்க்கு இப்ப வேலை இருக்கு."

டைல்ஸ் கடைக்காரர் வேகமாக நடந்து வந்தார். அழுத கண் இல்லை இன்று. இஸ்திரி கலையாத சட்டை, கையில் கார் சாவி மட்டும். லிஃப்ட் மூன்றாம் அறை வாசலில் நின்று முகமெல்லாம் பல்லாக வரவேற்றான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. இவர் சொன்னதில் கொஞ்சமாவது நிஜமிருந்தால்? அதையும் தீர்த்துக்கொள்ள ஒரு கேள்வி கேட்டான்.

"மாத்திரை கொண்டு வந்தீங்களா சார்?"

"என்ன மாத்திரை?" என்றார் அவர் எரிச்சலோடு. "அவ எங்க?"

லிஃப்டுக்கு இனி வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"உள்ள, மூட்டைக்குப் பின்னால, செடிகிட்ட நிக்கறாங்க சார். சத்தம் போடாம போங்க," என்று கதவை அகலமாகத் திறந்து பிடித்தான். அவர் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

லிஃப்ட் கதவைச் சாத்தினான். தூணுக்குப் பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வந்தது. அவள் முதல் முயற்சியில் கோட்டை விட்டாள், மரத்தட்டு சுவரில் இடித்தது. பின்னால் எடுத்தாள். இரண்டாவது முறை அட்டி கச்சிதமாகக் கதவோடு உட்கார்ந்தது.

பிறகு கதவுக்குப் பின்னால் அவர் குரல். முதலில் கொஞ்சல். கண்ணே என்றது, வீட்டுக்குப் போகலாம் என்றது. பதில் வராமல் போகவே, அழுகை. அழுகைக்கும் மசியவில்லை என்றதும் நிஜக் குரல் வெளியே வந்தது. போன தடவை கையை ஒடித்ததோடு விட்டேன், இந்தத் தடவை உயிரோடு விடமாட்டேன் என்றது. வாட்ச்மேன் ஓடி வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். போனில் போலீசுக்கு இடம் சொல்லி முடித்திருந்த அண்ணி, போனை அணைக்காமல் அப்படியே கதவை நோக்கி நீட்டிப் பிடித்தாள்.

அடுத்து உள்ளே மரப்பெட்டிகள் உடைகிற சத்தம். ஒவ்வொன்றாக. அலமாரி தரையில் சாய்ந்தது.

லிஃப்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஐயோ, உங்க செடிம்மா."

அவள் வண்டியின் இன்ஜினை அணைத்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உடைவதைக் கடைசிப் பெட்டி வரை கேட்டாள். ஓடிப்போகிற ஆளின் முகமாக அது இல்லை.

"உடைக்கட்டும்," என்றாள். "உச்சியிலதான் பூ. அடியில காயெல்லாம் முத்திக் காஞ்சு நிக்குது. தொட்டா வெடிக்கும். இந்நேரம் தரையெல்லாம் விதையைக் கொட்டியிருப்பாரு. நாளைக்குப் பெருக்கி எடுத்து, வாசல்ல வெயில் படற இடமா பார்த்துப் பெட்டியில விதைப்பேன். குளிருக்கு மட்டும் உள்ள கொண்டுவந்து வைப்பேன்."

"மறுபடி பூக்க?" என்று கேட்டாள் அண்ணி.

"அடுத்த வருஷம் ஆகும். அதுக்கு மறுவருஷம்கூட ஆகலாம்."

"அதுவரைக்கும்?"

"இங்கதான் இருப்பேன்," என்றாள் அவள்.